பித்தளைப் பகடை

“பெங்களூர்ல ஒருத்தன் கூட மூணாவது குகையத் தாண்டலண்ணா. அத்தன பேரும் காலி!” அசோக்குமார் போனில் சிரித்தான். பூபதி போனைக் காதோடு அழுத்தினான்.

அந்தக் குகைகளை நோட்டில் கட்டியவன் பூபதிதான். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அதற்குள் நடப்பார்கள். வெட்டு விழுந்ததா, தப்பினானா என்பதைப் பகடை சொல்லும். பக்கத்து ரூமில் இருந்த காலத்தில் அசோக்குமார் சொல்லிக்கொடுத்த ஆட்டம் அது. பிறகு அவன் சாப்ட்வேர் வேலைக்குப் போய், பெங்களூரில் ஒரு கூட்டம் சேர்த்து, ஆட்டத்துக்குத் துணைப் புத்தகங்கள் போட ஆரம்பித்தான். அடுத்த புத்தகம் பூபதி எழுதிய ‘குவாரிப் பூதம்’. இங்கிலீஷில் மாற்றியாகிவிட்டது. அட்டையில் பூபதியின் பேர். உதிரிபாகக் கம்பெனியில் பதினோரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவனுக்கு, அதுவரை ரேஷன் கார்டில் மட்டும்தான் பேர் அச்சாகியிருந்தது.

“நாங்க இங்க ரூம்ல ஆறு மாசம் ஆடினோமே தம்பி. பத்துக்கு ஏழு தடவ பூதத்தச் சாய்ச்சோம்.”

“உங்களுக்கு அதிர்ஷ்டம்ணா.”

அதிர்ஷ்டம் என்ற சொல் பூபதிக்கு ஆகாது. பஸ் ஸ்டாண்ட் கடையில் ஒரு பிளாஸ்டிக் பகடை வாங்கிவந்தான். தங்களுடைய பித்தளைப் பகடையையும் எடுத்து, இரண்டையும் அறுபது அறுபது தடவை தரையில் உருட்டிக் கோடு போட்டான். பித்தளையில் இருபத்தொரு ஆறு. பிளாஸ்டிக்கில் ஒன்பது. மறுபடி உருட்டினான். பத்தொன்பது, பதினொன்று.

“என்னா மச்சான், லூசு மாதிரி தனியா உருட்டினு கெடக்கற?” ஜெயமணி குளித்துவிட்டு உள்ளே வந்தான். அவன் லேத் ஆபரேட்டர். அந்தப் பித்தளைப் பகடை அவன் கைவேலைதான்.

“புள்ளிக் குழி எவ்ளோ ஆழம் போட்ட?”

“பளிச்சுனு தெரியட்டும்னு நாலு மில்லி எறக்குனன். எல்லாப் பக்கமும் ஒரே ஆழந்தான்.”

“ஆறாம் நம்பர் பக்கத்துல ஆறு குழி. அதுக்கு நேர் எதிர்ல ஒண்ணே ஒண்ணு.”

ஜெயமணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பகடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “யோவ், வெர்னியர் ஸ்கேல் வெச்சுப் பாத்து ஓகே சொன்னது நீதானய்யா? பதினாறு மில்லி, துளி பிசகலன்னு?”

அவன்தான். நீளம், அகலம், உயரம் அளந்தான். எந்தப் பக்கம் கனம் என்று பார்க்கத் தோன்றவில்லை. ஆறு குழி தோண்டிய பக்கம் லேசாகி, அதுவே மேலே வந்து வந்து நின்றிருக்கிறது. ஆறு விழுந்தால்தான் பூதம் சாகும் என்று அவன் எழுதியது அந்தக் கள்ள ஆறுகளை நம்பித்தான்.

உடனே போன் போட்டான். “தம்பி, நிறுத்து. கணக்கு தப்பு.”

“பசங்களுக்குக் கஷ்டமா இருந்தாதான் புடிக்குதுண்ணா.”

“கஷ்டம் வேற, ஆகாதது வேற. அஞ்சு விழுந்தாலும் பூதம் சாகும்னு மாத்து.”

“முப்பது எடத்துல வருதுண்ணா. அச்சுக்கு பிளேட் போட்டாச்சு. கடைசிப் பக்கம் மட்டுந்தான் பாக்கி. அதுல ஒரு வரி போட்டுடறன்: ‘ஆட்டத்தை நடத்துபவர் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.’ எல்லாப் புத்தகத்துலயும் இருக்கறதுதான். அதோட நம்ம பொறுப்பு முடிஞ்சுது.”

இதைப் பூபதி தினமும் கேட்கிறான். வளைந்த பிராக்கெட்டை நீட்டி, “பிட்டிங்ல மாட்டறவங்க சரி பண்ணிக்குவாங்க, நீ கையெழுத்தப் போடு” என்பார் சூப்பர்வைசர். போடாதவன் மறுநாள் கம்பெனி கேட்டுக்கு வெளியே. அதனால் போட்டான், பதினோரு வருஷமாக. இந்த நோட்டு ஒன்றிலாவது அப்படி நடக்காது என்று நினைத்திருந்தான்.

“அந்த வரி வேணாம். எழுதினவன் கோணப் பகடைய வெச்சுப் பாத்துட்டான், அஞ்சுக்கும் பூதம் சாகட்டும்னு போடு.”

“நமக்கு நாமளே சூனியம் வெச்சுக்கறதா? எவன் வாங்குவான்?”

“அப்ப என் பேர எடு.”

“இருநூறு அட்டை அடிச்சாச்சுண்ணா. அடுத்த புத்தகத்துல பாத்துக்கலாம். நீங்களே எழுதுங்க.” லைன் போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்துப் பார்சல் வந்தது, ஐந்து புத்தகம். ஜெயமணி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு ரூம் ரூமாக ஓடினான். வீட்டுக்கார சரசம்மா வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். “பொஸ்தகம் போடற ஆளா நீ? அந்தக் கொழாய மட்டும் ஒழுங்கா மூடத் தெரியாது.”

பூபதி கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். அதே ‘மாற்றிக்கொள்ளலாம்’ வரி. பூபதியே சொன்ன வாக்கு மாதிரி, கீழே அவன் பேர்.

பேனாவை எடுத்து, ஆறு வரும் இடமெல்லாம் பக்கத்தில் ஐந்து என்று எழுத உட்கார்ந்தான். முப்பத்தோரு இடம். ஒரு புத்தகம் முடிந்தது. அடுத்ததை எடுத்தான்.

“யோவ், புதுப் பொஸ்தகத்த ஏன்யா கிறுக்கற?” என்று ஜெயமணி தன் கையிலிருந்ததை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். “இத எங்க ஷிப்டுல காட்டணும். தர மாட்டன்.”

நாலுதான் திருத்த முடிந்தது. மற்றவையெல்லாம் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், பெங்களூரில், அவன் பேரில் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தன.