சாக்பீஸ் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்

பழைய பஸ் டிப்போவை இடித்துவிட்டு அந்த இடத்தில் வீட்டு வசதித் துறை இருநூறு வீடுகள் கட்டப்போகிறது. இடிப்பதற்கு முன் ஒரே ஒரு நாளைக்கு டிப்போவின் சிமெண்டுத் தரையைக் கேட்டு வாங்கி, ஒட்டியபடி இரண்டு வீடுகளை அசல் அளவிலேயே சாக்பீஸால் வரைந்து முடித்தபோது ஸ்கேலக்காவுக்கு இடுப்பு கழன்றுவிட்டது. வீடுகளை வடிவமைத்தவள் அவள்தான். கொண்டையில் செருகிய ஸ்கேலோடு கல்யாண வீட்டுக்கே போய் வந்தவள் என்பதால் அலுவலகத்தில் அந்தப் பெயர்.

குடிவரப்போகிறவர்களைக் கூப்பிட்டு, காலையிலிருந்து மாலைவரை கோடுகளுக்குள் நடமாட விட்டு, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பது அவள் பாணி. காகிதத்தில் கமுக்கமாக இருக்கும் தப்பெல்லாம் தரையில் வந்ததும் பல்லை இளித்துவிடும்.

இந்தத் திட்டத்துக்கு உயிரே ஒரு கதவுதான். ஒரு வீடு தனியாக இருக்கும் வயதானவருக்கு, ஒட்டிய வீடு சின்னக் குழந்தை உள்ள குடும்பத்துக்கு, நடுச்சுவரில் ஒரு கதவு. ஸ்கேலக்காவின் அம்மா மில் வேலைக்குப் போன காலத்தில் அவளுக்குச் சோறு போட்டது பக்கத்து வீட்டுக்காரர். அவர் வீட்டுக்குப் போக மாடிப்படி இறங்கி, தெருவைச் சுற்றி, இன்னொரு மாடிப்படி ஏற வேண்டும். நடுவில் இருந்தது ஒரு சுவர் மட்டும்தான். அந்தச் சுவர்மீது அவளுக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை.

துறைப் பொறியாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் கத்தரி. பால்கனியில் பாதியை அவர் வெட்டியாயிற்று, மொட்டை மாடி நிழற்கூரையை முழுசாகவே வெட்டியாயிற்று. இப்போது அவர் கண் கதவின்மேல் இருந்தது. இன்று மாலைக்குள் குடிவருகிறவர்கள் அது வேண்டும் என்று சொன்னால் இருக்கும், இல்லாவிட்டால் நூறு கதவுக்கும் பதிலாகச் சுவர். இப்படிச் சொல்லிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வந்தவர்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஒருவர், பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு தனிக்கட்டை. இரவு டியூட்டி முடித்துக் கொட்டாவியோடு வந்த ஒரு நர்ஸ், அவள் புருஷன் லாரியில் பாதி வருஷம் வெளியூர். கூடவே அவளுடைய நாலு வயது மகள். மூவரில் வீட்டை உடனே நம்பியது மகள்தான். தண்ணீர் குடிக்கப் போன கத்தரி சமையலறைச் சுவரைச் சாதாரணமாகத் தாண்டி நடந்தபோது, "சுவத்துல நடக்கக் கூடாது" என்று கண்டித்து, திரும்பிப் போய் வாசல் வழியாக வரச் சொன்னாள். அவர் அசட்டுச் சிரிப்போடு போய் வந்தார்.

மதியம்வரை எல்லாம் நன்றாகவே போயிற்று. கார்டு தன் அறையில் பாயை விரித்துப் படுத்துப் பார்த்தார். மகள் கதவு வழியாகப் பதினேழு தடவை போய் அவர் தூங்கிவிட்டாரா என்று விசாரித்தாள். பதினெட்டாவது தடவை கார்டு எழுந்து உட்கார்ந்து, இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

ஸ்கேலக்கா வரைபடத்தை விரித்துத் தேடினாள். மூன்று வருஷமாக அந்தக் கதவே கதி என்று கிடந்தவள், தாழ்ப்பாளைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை.

கார்டு தன் பக்கம் ஒரு தாழ்ப்பாள் வரைந்தார். மத்தியானத் தூக்கம் இல்லாவிட்டால் தனக்குக் கிறுகிறுக்கும் என்றார். நர்ஸ் அதைக் காலால் தேய்த்துவிட்டுத் தன் பக்கம் வரைந்தாள். இரவெல்லாம் கண் விழித்து வந்து படுப்பவளிடம் சர்க்கரை இருக்கா, காப்பித்தூள் இருக்கா என்று யாராவது வந்து நின்றால் தாங்காது என்றாள். நான் என்ன கடன் கேட்டே பிழைக்கிறவனா என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இவர் வரைய, அவள் அழிக்க, அவள் வரைய, இவர் அழிக்க, சிமெண்டு வெள்ளைவெளேரென்று ஆனது. காலையில்தான் அறிமுகமானவர்கள், ஜென்மப் பகையாளிகளே இவர்களிடம் தோற்றார்கள்.

கத்தரிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஒரு சாக்பீஸை எடுத்து வந்து, "எதுக்கு வீண் சண்டை? சுவராவே போட்டுடலாம்" என்று கதவின் குறுக்கே தடிமனாக ஒரு கோடு இழுத்தார்.

மில் காலத்துச் சுவர் மறுபடியும் வந்து நிற்கிறது என்று ஸ்கேலக்காவுக்கு அழுகை முட்டியது. ஆனால் சண்டை போட்ட இருவரும் ஒரே சமயத்தில் கத்தரி பக்கம் திரும்பினார்கள்.

"யாரைக் கேட்டு அடைச்சீங்க?" என்றார் கார்டு. "இந்தப் பொண்ணு நைட் டியூட்டிக்குப் போனா பாப்பா யார்கிட்ட இருக்கும்?"

"இவருக்கு நெஞ்சு வலின்னா நான் எப்படிப் போறது? சுவத்தை உடைச்சுக்கிட்டா?" என்றாள் நர்ஸ்.

"தாழ்ப்பாளுக்குத்தான சார் சண்டை. கதவுக்கு யாரு சண்டை போட்டா?" என்றார் கார்டு.

இருவரும் சேர்ந்து அந்தக் கோட்டைச் செருப்புக் காலால் தேய்த்தார்கள். மகளும் வந்து தேய்த்தாள். ஸ்கேலக்கா கொண்டையிலிருந்த ஸ்கேலை உருவி எடுத்துக் கண்ணைத் துடைக்கப் பார்த்து, அது ஸ்கேல் என்று உறைத்ததும் மறுபடி செருகிக்கொண்டாள்.

வழி சொன்னவள் நர்ஸ். அவள் ஆஸ்பத்திரிக் குளியலறைகளில் உள்ள தாழ்ப்பாளை, அவசரமென்றால் வெளியிலிருந்தே ஒரு காசை வைத்துத் திருப்பித் திறந்துவிடலாம். ரெண்டு பக்கமும் அதையே போட்டுவிடலாமே என்றாள்.

கார்டு சந்தேகத்தோடு பார்த்தார். "அப்ப நீ எப்ப வேணா திறப்பியே?"

"யாராவது விழுந்தா மட்டும்தான். நீங்களும் அப்படித்தான்."

சரி என்று கார்டு தன் பக்கம் ஒன்று வரைந்தார். நர்ஸ் தன் பக்கம் ஒன்று வரைந்தாள். யாரும் யாருடையதையும் அழிக்கவில்லை. கத்தரி நெடுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஃபைலில் 'கதவு ஒன்று, தாழ்ப்பாள் இரண்டு' என்று எழுதினார். அவர் ஒரு திட்டத்தில் எதையாவது கூட்டி எழுதியது அதுதான் முதல் தடவை.

பிறகு ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நர்ஸ் வீட்டிலிருந்து கிளம்பினார். அவருடைய வண்டி கார்டு வீட்டுப் பக்கம் நின்றது. நடுச்சுவரைத் தாண்டக் காலைத் தூக்கியவர், மகள் முறைப்பதைப் பார்த்து இறக்கினார். கதவுக்கு வந்தார். கார்டு அந்தப் பக்கம் தாழிட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்தார். கத்தரி சட்டைப் பையைத் தடவி ஒரு காசை எடுத்தார்.

"விழுந்தா மட்டும்தான்" என்றாள் மகள்.

கத்தரி காசைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வெறும் காற்றில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கார்டு எழுந்து வந்து திறக்கும்வரை நின்றார்.