பெரேராவின் ஊர்

ஒரு மனிதன் இருமினால் போதும், அவன் எந்த ஊர் என்று நான் சொல்லிவிடுவேன். ஒருமுறை விமானத்தில் பின் இருக்கைக்காரர் தும்மினார். திரும்பிப் பாராமலே "நாவாந்துறையோ?" என்றேன். "ஓம்" என்றார். நம்பாதவர்கள் விமானியைக் கேட்கலாம்.

ஆகவே என் தம்பி டெனிஸ்டன், தன் மகள் றொஷினியின் கல்யாணப் பேச்சுக்கு என்னைக் கூப்பிட்டதில் வியப்பில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த லாசாலில் அவனுடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவள் விரும்பிய பெடியன் கைகளை மடியில் வைத்தபடி இருந்தான். கியூபாக்காரன். லிஃப்ட் திருத்துகிற வேலை. பெயர் ஒஸ்மானி பெரேரா.

"பெரேராவோ?" என்றான் டெனிஸ்டன் என் காதுக்குள். "அண்ணை, நீர்கொழும்பில நிண்டு கூப்பிட்டால் ஆயிரம் பெரேரா வருவினம். இவன் எந்தப் பெரேரா?"

றொஷினிக்குக் கேட்டுவிட்டது. "அப்பா, அவர் நல்ல ஆள்."

"நல்ல ஆள் இல்லையெண்டு ஆர் சொன்னது? ஊர் எது எண்டுதான் கேக்கிறன்."

"ஹவானா."

"அது இருக்கிற இடம். நாங்களும் இப்ப லாசாலில இருக்கிறம். அதுக்காக லாசால் எங்கட ஊரோ?"

ஊர் விசாரிக்காமல் பெண் கொடுத்த சரித்திரம் எங்கள் குடும்பத்தில் இல்லை. பெடியனின் ஊர் தெரியாமல் கோயிலில் பூசை நேரம் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க விடமாட்டேன் என்று டெனிஸ்டன் முடிவாகச் சொன்னான். அப்பா கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வராமல் பீடத்தடிக்குப் போகமாட்டேன் என்று றொஷினியும் முடிவாகச் சொன்னாள். இரண்டு முடிவுக்கும் நடுவில் ஒஸ்மானி இருந்தான்.

அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பூட்டன் செலெஸ்தீனோ பெரேரா லூனா, ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்தவர். எந்த ஊரிலிருந்து என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஒரு வழி இருக்கிறது என்று பிரெஞ்சில் சொன்னான். ஸ்பெயின் யுத்தத்தில் கியூபாவை இழந்த பிறகு, அங்கே தங்கிவிட்ட ஸ்பானியர்கள் ஸ்பானியராகவே இருக்க விரும்பினால், அதிகாரி முன்னால் போய் "நான் ஸ்பானியன்தான்" என்று பிரகடனம் செய்ய வேண்டியிருந்ததாம். பெயர், வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாம் பதிவார்களாம். இப்போது அவற்றைக் கணினியில் தேடலாமாம்.

"பிறந்த ஊரும் கிடக்கோ? அப்ப அலுவல் முடிஞ்சுது," என்றேன்.

ஒஸ்மானி பால் வாங்கத் தெருமுனைத் தெப்பனேர் கடைக்குப் போன நேரம் நானே கணினி முன் உட்கார்ந்து, லூனா என்று தட்டினேன். ஏனென்றால் எங்களுக்குக் கடைசியில் நிற்பதுதான் தகப்பன் பெயர். ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிடுவதில்லை. என் தகப்பன் சவிரிமுத்துவைத்தான் கூப்பிடுவார்கள். செத்தவரைக் காக்க வைக்கக்கூடாது என்று நான் எழும்பிப் போவேன்.

செலெஸ்தீனோ லூனா உடனே கிடைத்தார். ஸ்பெயினின் தெற்கே ஒரு மலையூர்.

"ஊர் கிடைச்சாக் காணாது அண்ணை," என்றான் டெனிஸ்டன். "அங்க ஒராளிட்ட விசாரிக்க வேணும்."

றொஷினி அந்த ஊர்ப் பங்குச் சாமியாருக்கு மின்னஞ்சல் எழுதினாள். பனி கரையத் தொடங்கியபோது பதில் வந்தது. செலெஸ்தீனோ லூனா மிக நல்லவர். இளவயதிலேயே கியூபாவிலிருந்து திரும்பி வந்து மடத்தில் சேர்ந்து, துறவியாகவே காலமானவர்.

டெனிஸ்டன் அதை இரண்டு தரம் வாசிக்கக் கேட்டான். "அண்ணை, சந்நியாசிக்குப் பூட்டப்பிள்ளையோ?"

"ஆண்டவர் புதுமை ஏதும் செய்திருக்கலாம்," என்றேன்.

அவன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினான். "ஓலை இல்லை. கதை முடிஞ்சுது."

றொஷினி முகத்தைப் பொத்திக்கொண்டாள். என்ன நடந்தது என்று புரியாமல் ஒஸ்மானி மின்னஞ்சலை வாங்கிப் படித்தான். பிறகு ஏதோ சொன்னான். அவள் கையை எடுத்தாள்.

"பெரியப்பா, லூனா எண்டது தாய்வழிப் பேராம். ஸ்பானியருக்கு முதல் வாறதுதான் தகப்பன்ர பேராம். நீங்கள் ஆரைத் தேடினீங்கள்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேநீரை ஆறுதலாகக் குடித்து முடித்தேன்.

"ஊர் விசாரிக்கிறதெண்டால் தாய்வழியையும் பாக்கத்தானே வேணும்? அதைப் பாத்தாச்சு. இனித் தகப்பன் வழி."

இம்முறை ஒஸ்மானி தட்டினான். செலெஸ்தீனோ பெரேரா லூனா. கல்யாணமாகாத இளைஞன். தொழில் மீன்பிடி. பிறந்தது ஸ்பெயினின் வடமேற்குக் கரையில் ஒரு சிறு ஊர். றொஷினி அந்த ஊரின் படத்தைத் திறந்தாள். கடலைப் பார்த்தபடி கோயில். வாசலுக்கு மேலே குதிரையில் வாளோடு ஒருவர்.

"இது ஆர்?" என்றான் டெனிஸ்டன்.

"சந்தியாகோ," என்றான் ஒஸ்மானி.

"அவையின்ர பாஷையில சந்தியாகோ. எங்கட யாகப்பரடா!" என்றேன்.

நாங்கள் குருநகர்க் கடல்தொழில் ஆட்கள். யாகப்பர் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். டெனிஸ்டன் கணினித் திரையைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டான்.

"கடல்தொழில். யாகப்பர் கோயிலடி. இதை முதலே சொல்லியிருந்தால் இவ்வளவு கரைச்சல் ஏன்?" என்று ஒஸ்மானியின் தோளில் தட்டினான். தட்டிய கை பாதியில் நின்றது. "அண்ணை... ரண்டு பகுதியும் ஒரே கோயிலடி எண்டால், சகோதர முறை வந்திடாதோ?"

"அப்பா!" என்று கத்தினாள் றொஷினி.

"நீ பொறு பிள்ளை. பெரியப்பா சொல்லட்டும்."

இது விளையாட்டான விடயம் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இருமச் சொல்லு," என்றேன்.

றொஷினி அதைப் பிரெஞ்சில் சொன்னாள். ஒஸ்மானி அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இருமினான்.

"மச்சான் முறை," என்றேன்.

"வடிவாக் கேட்டனீங்களோ?"

"வேணுமெண்டால் இன்னொருக்கா இருமச் சொல்லட்டோ?"

டெனிஸ்டன் சற்று யோசித்தான். "வேண்டாம். ஞாயிறு பூசை முடியச் சாமியைக் காணுவம். ஓலை வாசிக்கட்டும்."

றொஷினி தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். ஏன் இருமச் சொன்னோம் என்று ஒஸ்மானிக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் என்னைக் கண்டால் மரியாதைக்கு ஒருமுறை இருமுகிறான்.