கழுத்துக் குழாயைத் தொட்டவர்கள்

1.
இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகத் தொடங்கியது. புனேயில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு நான் எழுதியது. நான்காம் வரியில் ஒரு பொய் இருந்தது. பொய் இருந்தால் கதையாக்கிவிடலாம். ‘நான்’ என்பதை அடித்துவிட்டுச் ‘சபரி’ என்று எழுதினேன்.

2.
சபரியின் மனைவி ஸ்ரீலக்ஷ்மி சிரிக்கும்போது

(வேண்டாம்.)

ஸ்ரீலக்ஷ்மிக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. கழுத்தில் குழாய் பொருத்தி, வாரம் மூன்று முறை ரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, இயந்திரத்தில் இணைத்த அரை மணி நேரத்தில் நடுக்கம் வந்தது. ஒன்பதாம் நாள் இறந்தாள். கிருமி குழாய் வழியாக ரத்தத்தில் புகுந்திருந்தது.

3.
குழாயை இணைத்த டெக்னீஷியன் ஜெனிபர், புனேயின் போபோடியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அன்று அவளுடைய முகக்கவசம் மூக்குக்குக் கீழே இருந்ததைச் சபரி பார்த்தான்.

(பார்த்தானா? முதல் வரைவில் கவசம் சரியாக இருக்கிறது. மூன்றாவதில் நழுவுகிறது. ஐந்தாவதில் அவள் தும்முகிறாள். தும்மலை எடுத்துவிட்டேன்.)

4.
மையத்தில் புகார் விசாரணைக்கு முந்திய நாள், சாங்வி பகுதியில் இருந்த சபரியின் வீட்டுக்கு ஜெனிபர் வந்தாள். உட்காரவில்லை.

“அர்ரே அண்ணா, மாஸ்க் சரியா போடலன்னு எழுதிட்டீங்களாமே. நெஜமா பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“நான் குழாய் மேல டிரெஸ்ஸிங் ஒட்டினா, பிரிக்க ஈஸியா ஒரு மூலைய மடிச்சு விடுவேன். அன்னைக்கு மூலை மடிஞ்சு இல்ல. யாரோ பிரிச்சு ஒட்டிருக்காங்க. அவசரத்துல கேக்காம விட்டது என் கல்திதான், தப்புதான். இப்ப கேக்கறேன். வீட்டுல தண்ணி பட்டுச்சா?”

“இல்ல.”

“நாளைக்கு என் நௌக்ரி போயிடும்ணா. வேற வேலை கெடைக்காது.”

5.
நான் வெட்டிய பத்தி:

நடுக்கம் வந்த செவ்வாய்க்கு முந்திய சனிக்கிழமை. மூன்று வாரமாக ஸ்ரீலக்ஷ்மி தலைக்குக் குளிக்கவில்லை. “தலை நாறுதுடா சபரி. எல்லாரும் எனக்கில்ல, உனக்குத்தான் பரிதாபப்படறாங்க. ஊத்து.” குழாயின் மேல் பிளாஸ்டிக் உறையைச் சுற்றினான். சிகைக்காய் தேய்த்து, மக்கில் மொண்டு ஊற்றினான். உறை ஒழுகியது. ஈரக் கட்டைப் பிரித்துத் தன் கையாலேயே புதிது ஒட்டினான். மையத்தில் சொல்ல வேண்டாம் என்று இருவரும்

(இந்த வாக்கியம் முடியவில்லை. புகாரின் நான்காம் வரி: ‘வீட்டில் கட்டு ஒருபோதும் நனையவில்லை.’)

6.
ரத்தப் பரிசோதனை சொன்ன கிருமி ஸ்டெஃபிலோகாக்கஸ். மனிதர்களின் தோலில் சாதாரணமாக இருப்பது. யாருடைய தோல் என்று அறிக்கை சொல்லாது. அவன் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

நானும்.

7.
முடிவு ஒன்று: விசாரணையில் அதே கேள்வி. இல்லை என்கிறான். ஜெனிபருக்கு வேலை போகிறது.

முடிவு இரண்டு: ஆமாம் என்கிறான். கோவையிலிருந்து மாமனார் பக்தவத்சலம் போனில் கேட்கிறார்: “அப்ப நீங்களுங்களா, மாப்ளே?”

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் ஸ்ரீலக்ஷ்மி சாகிறாள்.

கதையில் விசாரணை நாளை. எனக்கும் நாளைதான், பதினொரு மணிக்கு. புகாரை ஆங்கிலத்தில் எழுதினேன். மையத்தில் எல்லோரும் படித்தார்கள். இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். அங்கே தமிழ் தெரிந்தவள் ஜெனிபர் ஒருத்திதான். அவளுக்கும் பேசத்தான் வரும், படிக்க வராது.

நீங்கள் படித்துவிட்டீர்கள்.