டிவிக்கு முன்னால் ஒரு விரல்

மனித குலம் கண்டுபிடித்த கலைகளிலேயே கடினமானது, வாயை மூடிக்கொண்டு படம் பார்ப்பது. அலபாமா மாநிலத்தில் அதை முழுமையாகக் கற்றுத் தேர்ந்தவன் ஒருவனே: என் விடுதி அறை நண்பன் லூஷியஸ்.

இதைச் சொன்னவனும் லூஷியஸ்தான். கல்லூரியில் சினிமாவைப் பாடமாகப் படிக்கிறான்.

“நம்ம ஜனங்க டிவியோட பேசுவாங்கடா. அதுக்குக் காது கிடையாதுன்னு இன்னும் யாரும் அவங்களுக்குச் சொல்லல” என்றான், மாண்ட்காமரிக்குப் போகும் பேருந்தில்.

அவனுடைய வெர்டெல் அத்தை கூப்பிட்டிருந்தாள். பேருந்தில் வெள்ளையருக்கு எழுந்து இடம்விட வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, அந்த ஊர்க் கறுப்பின மக்கள் ஒரு காலத்தில் வருஷம் முழுக்கப் பேருந்தையே புறக்கணித்தார்கள்; அதை நடத்திய தலைவர்களைப் பற்றிய தொடர், அன்று மாலை டிவியில் வருகிறது. சர்ச் கூடத்தில் எல்லாரும் சேர்ந்து பார்க்கிறார்கள். அத்தைக்கு அதில் ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டும்.

புறக்கணிப்பு நடந்த வருஷம் சர்ச்சுக்கு ஒரு நீளக் கார் இருந்தது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களை அதில் ஏற்றிக்கொண்டு போனவர் அத்தையின் கணவர், ரூஃபஸ் மாமா. ஒவ்வொரு தெருமுனையிலும் இறங்கி வந்து, கதவைத் திறந்துவிடுவார். படமெடுக்க வந்தவர்களிடம் அத்தை இதைத்தான் சொன்னாள்: “வேலை செய்யற வீட்டுல பின்பக்கமா நுழையற பொம்பளைங்க. கார் கதவையாவது ஒருத்தன் தொறந்து விடட்டும்னாரு.”

அவர்கள் தலையை ஆட்டினார்கள். அதோடு சரி. பெற்றோர் இல்லாத லூஷியஸை வளர்த்த ரூஃபஸ் மாமா, போன வருஷம் இறந்துபோனார். அந்தக் கதவு திறக்குமா, திறக்காதா? நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அத்தை ஈஸ்டருக்குப் போடும் வெள்ளைத் தொப்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

சோப்பு விளம்பரத்திலேயே பேச்சு ஆரம்பமாகிவிட்டது. புறக்கணிப்புக்குக் காரணமான, தையல் வேலை பார்க்கும் பெண் பேருந்தில் வெள்ளைக்காரருக்காகத் தன் இருக்கையை விட்டு எழ மறுத்த இடத்தில், கூடமே நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டது.

“எந்திரிக்காத தாயி!”

“நாங்க இருக்கோம், உக்காரு!”

நடந்து முடிந்து நாற்பது வருஷமாகிறது. முடிவு எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும், நடிகை மறந்துபோய் எழுந்துவிட்டால்? யாரும் ஆபத்தை விலைக்கு வாங்கத் தயாராக இல்லை. அவள் எழவில்லை. கைதட்டலில் உருளைக்கிழங்கு சாலட் கிண்ணம் ஒன்று கவிழ்ந்தது.

அடுத்தது, கதைக்குள்ளேயே ஒரு சர்ச். இளம் போதகர் பேச எழுந்தார். “அவசரமில்ல பாஸ்டர், நிதானமா!” என்று கூடம் தைரியம் சொன்னது. அந்த நேரம் பார்த்து, எங்களோடு பார்த்துக்கொண்டிருந்த யூடோரா அம்மாளுக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது.

அந்தச் சர்ச்சில், பிரசங்கத்தின் நடுவே வெளியே போகிறவர்கள் ஆள்காட்டி விரலை உயர்த்தி, குனிந்து, சத்தமில்லாமல் நடக்க வேண்டும். மன்னியுங்கள், போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம். யூடோரா அம்மாள் டிவியைப் பார்த்து விரலை உயர்த்தினாள். குனிந்தாள். போனாள். அவளுக்குப் பின்னால் சர்ச் நிர்வாகி டீக்கன் ஏமஸும், கையில் கோழிக்காலோடு, மறுகை விரலை உயர்த்திக்கொண்டு போனார்.

லூஷியஸ் என் விலாவில் இடித்தான். “பாருடா, கண்ணாடிப் பெட்டிகிட்ட அனுமதி கேக்கறாங்க! உள்ள இருக்கற பாஸ்டர் கோவிச்சுக்குவாரா?”

அத்தை திரும்பினாள். “வாயைத் திறக்காம படம் பாக்கறவன் நீதானேடா? வந்ததுலேருந்து உன் குரல்தான் கேக்குது.”

அப்போதுதான் கார் வந்தது.

சாம்பல் நிற நீளக் கார். கதவில் சர்ச்சின் பெயர். தெருமுனையில் நான்கைந்து பெண்கள், கையில் சாப்பாட்டுப் பொட்டலம். கார் நின்றது. தொப்பி போட்ட ஓட்டுநர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

அத்தையின் கையிலிருந்த விசிறி நின்றுவிட்டது.

“எறங்குப்பா” என்றது பின்வரிசை.

“எறங்கு ராசா. சீட்டுல ஆணியா அடிச்சு வெச்சிருக்கு?”

ஒரு பெண் கதவுப் பிடியை நோக்கிக் கையை நீட்டினாள். “தொடாதம்மா!” என்று கூடமே கத்தியது. அத்தை விசிறியை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

டிவியில் அந்தப் பெண்ணின் கை பாதியில் நின்றது. ஓட்டுநர் இறங்கினார். காரைச் சுற்றி வந்தார். தொப்பியைக் கழற்றினார். கதவைத் திறந்தார்.

ஒரு தும்மல் நேரம்தான். வசனம் கிடையாது, பெயரும் கிடையாது. ஆனால் கூடம் எழுந்து நின்றது. கைதட்டல் அடங்கிய பிறகு அத்தை மெல்லச் சொன்னாள்: “தொப்பிய அவரு கழட்டவே மாட்டாரு. வழுக்கை.” சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

படிப்பாளியின் தீர்ப்பைக் கேட்கலாம் என்று நான் திரும்பினேன். லூஷியஸ் எழுந்துவிட்டிருந்தான். முகம் நனைந்து, மூக்கு ஒழுகி, ஒரு நிமிஷமாவது வெளியே போயாக வேண்டிய நிலைமை. டிவியில் கார் இன்னும் போய்க்கொண்டிருந்தது, உள்ளே பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அவன் அந்தக் காரைப் பார்த்தான். ஆள்காட்டி விரலை உயர்த்தினான். குனிந்து, சத்தமில்லாமல், வாசலை நோக்கி நடந்தான்.