நெஞ்சில் தொங்கிய அட்டை

எங்கள் பள்ளியில் இணையப் பாதுகாப்பு என்றாலே என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் கம்ப்யூட்டர் டீச்சர். பதினோரு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை தேய்ந்ததுதான் மிச்சம். பேரைச் சொல்லாதே, போன் நம்பரைக் கொடுக்காதே, பாஸ்வேர்டை உயிர்த்தோழிக்கும் காட்டாதே. பெற்றோர் கூட்டத்தில் மைக் கைக்கு வந்தால் விட மாட்டேன். பிள்ளை படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள் என்று நான் போடுகிற அதட்டலில் பாதி அப்பாக்கள் போனைப் பைக்குள் ஒளித்துக்கொள்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. உண்டு என்றா சொன்னேன், இருந்தது.

மூன்றாம் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். ஆசிரியர் அறையில் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் பஸ் ஏறும்வரை ஓய மாட்டாள். "மிஸ், கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டா உள்ள இருக்கிற படமெல்லாம் எங்க போய்ப் படுத்துக்கும்?" என்பாள். எரிச்சலும் வரும், சிரிப்பும் வரும். அந்த ரேடியோ ஒரு திங்கட்கிழமை வாயைத் திறக்கவில்லை. செவ்வாயும் திறக்கவில்லை. புதன்கிழமை அவள் அம்மா என்னைத் தேடி வந்தார்.

அவர் மருந்துக்கடையில் வேலை செய்கிறவர். கடைச் சீருடையோடு லேபுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அவர் சொன்னதைச் சுருக்கமாகத்தான் சொல்வேன். விரித்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

மூன்றரைக்குப் பஸ் ரேடியோவை வீட்டு வாசலில் இறக்கிவிடும். அம்மா வர ஐந்தாகும். நடுவிலுள்ள ஒன்றரை மணி நேரத்துக்கு டேப்லெட்டும் அதிலிருந்த வீடு கட்டும் விளையாட்டும்தான் அவளுக்குத் துணை. அந்த விளையாட்டில் முயல் தலை வைத்த பொம்மை உருவத்தில் ஒருவன் அவளுக்கு எழுத ஆரம்பித்திருக்கிறான். எடுத்த எடுப்பிலேயே அவள் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். நீ மூன்றாம் வகுப்பு, ஏழாம் நம்பர் பஸ், உன் அம்மா நம்பர் இது. எல்லாம் சரியாக இருந்தது. நான் சொல்வதைச் செய்யாவிட்டால், நீ என்னோடு பேசியதை அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறான். எட்டு வயதுப் பிள்ளை. வீட்டு வாசலைப் படம் எடுத்து அனுப்பு என்றான், அனுப்பினாள். அம்மா எத்தனை மணிக்கு வருவாள் என்றான், சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வாசல் மணி அடித்தது. விட்டு விட்டு மூன்று தடவை. பிறகு யாரோ கதவின் கைப்பிடியைத் திருகிப் பார்த்திருக்கிறார்கள். அம்மா வந்தபோது பிள்ளை கட்டிலுக்கு அடியில், நனைந்த சீருடையோடு சுவரை ஒட்டிக் கிடந்தாள்.

"போலீஸ்ல சொல்லியாச்சு மிஸ். டேப்லெட்டை வாங்கிட்டுப் போயிருக்காங்க. ஆளு இன்னும் கிடைக்கலை" என்றார் அம்மா. அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "வாசல் படம் அனுப்பினேன்னு ஒத்துக்கிறா. பேரு, நம்பரு, பஸ்ஸு மட்டும் நான் சொல்லவே இல்லைன்னு ஒரே சாதிப்பு. பின்ன அவனுக்கு எப்படித் தெரியும்? இவ்வளவு நடந்தும் பொய் சொல்றாளேன்னு ஆத்திரம். கரண்டியால அடிச்சுட்டேன். சனிக்கிழமையும் அடிச்சேன், ஞாயித்துக்கிழமையும் அடிச்சேன். அதுக்கப்புறம் அவ பேசவே இல்ல மிஸ்."

நான் ஆறுதல் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். "நீங்க ஸ்டேட்டஸ்ல என்னென்ன போட்டீங்க?" என்றுதான் கேட்டேன், பெரிய விசாரணை அதிகாரி மாதிரி. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினார். கடை விடுமுறை அறிவிப்பைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"நீங்க கூட்டத்துல சொன்னதிலேருந்து நான் அவ படமே போடுறதில்ல மிஸ்."

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பெயர், வகுப்பு, பஸ் நம்பர், அம்மாவின் போன். இந்த நாலும் இதே வரிசையில் ஒரே இடத்தில் இருக்கும். எங்கள் பிள்ளைகள் கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையில்.

பள்ளியின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். அதை நடத்துவதும் நான்தான். ஆறு வாரத்துக்கு முன் இணையப் பாதுகாப்பு வாரம் கொண்டாடினோம். விளையாட்டில் நிஜப் பெயர் வைக்கக்கூடாது, புனைபெயர்தான் வைக்க வேண்டும் என்று பாடம் எடுத்து, ஆளுக்கொரு பெரிய அட்டையில் எழுத வைத்து, மூன்றாம் வகுப்பின் முப்பத்திரண்டு பேரையும் நிறுத்திப் படம் எடுத்து நானே ஏற்றினேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டாவது வரிசையில் ரேடியோ, முன்பல் இரண்டு இல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். தூக்கிப் பிடித்த அட்டையில் அவள் கையெழுத்து: 'விளையாட்டில் நான் ஊதாப்பூசணி. என் நிஜப் பெயர் ரகசியம்.' படத்தைப் பெரிதாக்கினேன். அதற்குக் கீழே நெஞ்சில் அடையாள அட்டை. ஒரு எழுத்துகூட மங்கவில்லை. விளையாட்டில் அவளைத் தேடிப் பிடிக்கப் புனைபெயர் மேலே, மிரட்ட விவரம் கீழே.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. படம் எடுக்கும் முன் அவள் அடையாள அட்டை பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. அதைப் பார்த்து, "கார்டு போடுற லட்சணமா இது?" என்று திட்டி, முன்பக்கம் திருப்பி நேராக்கியது என் கைதான்.

தலைமையாசிரியை படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டவில்லை.

"உடனே எடுத்துடுங்க. வெளிய மூச்சு விட வேண்டாம். மத்த முப்பத்தொரு வீட்டுக்கும் தெரிஞ்சா பள்ளிக்கூடத்து மானம் கப்பலேறிடும்."

"அந்தப் பிள்ளையைப் போட்டு அடிச்சிருக்காங்க மேடம். பொய் சொல்றான்னு."

"அது அவங்க வீட்டு விஷயம். நாம தலையிட முடியாது."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வார்த்தை எனக்கு இதமாக இருந்தது. மதியம் முழுக்க அழிக்கும் பட்டனைப் பார்த்துக்கொண்டு லேபில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தட்டு தட்டினால் போதும், பொய்க்காரி அவள்தான் என்று முடிந்துவிடும். நான் அடுத்த கூட்டத்தில் மறுபடி மைக்கைப் பிடிக்கலாம். கடைசி மணி அடித்தபோது ரேடியோ ஜன்னலைக் கடந்து போனாள். அடையாள அட்டையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

போலீசுக்குப் போன் செய்தேன். ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டுப் படத்தை நீக்கச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டேன். சிலர் கத்தினார்கள். ஒரு அப்பா, "உங்களை நம்பித்தானே அனுப்பினோம்" என்றதோடு வைத்துவிட்டார். முப்பத்தொரு வீடும் முடிந்ததும் மிச்சமிருந்த வீட்டுக்கு நேரில் போனேன்.

ரேடியோவின் அம்மா சங்கிலியை மாட்டியபடியே கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே போய் நின்றபடியே சொன்னேன்.

"அவ பொய் சொல்லலைங்க. அவ யார்கிட்டயும் சொல்லலை. ஊருக்கே சொன்னது நான்."

போனில் படத்தைக் காட்டினேன். அவர் இரண்டு விரலால் பெரிதாக்கினார். தன் நம்பரைத் தானே முணுமுணுத்துப் படித்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுகிற சத்தம் கேட்டது.

ரேடியோ கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ சொன்னதுதான்டா நிஜம். தப்பு உன்னோடது இல்ல. மிஸ்ஸோடது."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, இத்தனை நாள் கழித்து, கரகரத்த குரலில் கேட்டாள்.

"அப்ப உங்களை யாரு அடிப்பாங்க மிஸ்?"

குரலில் கோபமே இல்லை. வகுப்பில் கேட்பாளே, அதே மாதிரி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள்.