தலைக்குக் கரண்ட்

"இன்னிக்கு ஒரு நாளு உள்ளயே இரும்மா. அவங்க போன பின்னாடி வெளிய வா."

என் கணவரின் அண்ணன் கங்கப்பன் இதைச் சொன்னபோது நான் பெங்களூரு போகச் சேலை கட்டி முடித்திருந்தேன். அவர் மகள் நாகவேணியைப் பெண் பார்க்க ராயக்கோட்டையிலிருந்து வருகிறார்கள். புதன்கிழமை நல்ல நாளாம். கூடத்தில் ஜமக்காளம் விரித்தாயிற்று. ஒளித்து வைக்க வேண்டியது நான் ஒருத்திதான் பாக்கி.

ஓசூர் சிப்காட்டில் எட்டு வருஷம் நின்றே வேலை செய்த கால் இது. தொண்ணூற்று மூன்றிலிருந்து வலது கால் சொன்ன பேச்சு கேட்பதில்லை, நாலு எட்டு வைத்தால் மரக்கட்டையாக விறைத்துவிடும். குடிச்சிட்டு வந்தியா என்று கேட்டான் சூப்பர்வைசர், பாழாய்ப்போனவன். பெங்களூரு டாக்டரம்மாதான் நோய்க்குப் பெயர் சொன்னார்: மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ். வயர் மேலே ரப்பர் உரிந்த மாதிரி உள்ளே நரம்பின் உறை உரிந்திருக்கிறதாம். தலைமேல் ஒரு வளையத்தைப் பிடித்து, டக் டக்கென்று காந்தத்தால் மூளையைத் தூண்டினார்கள். வெட்டு இல்லை, மயக்க ஊசி இல்லை.

"குணமாகும்னு சொல்ல மாட்டேன், முத்துமணி. இது சோதனைதான். ஆனா பத்து நாளும் வரணும். நடுவுல ஒரு நாள் விட்டா உங்கள சோதனையிலேருந்து எடுத்துடுவோம்" என்றார் டாக்டரம்மா.

ஆறு நாள் போனேன். ஆறாம் நாள் யார் கையையும் பிடிக்காமல் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். நடுரோட்டில் நின்று அழுதேன்.

அதற்குள் உத்தனப்பள்ளி முழுக்கப் பேச்சு. தலைக்குக் கரண்ட் வைக்கிறார்களாம். பைத்தியத்துக்குத்தானே கரண்ட் வைப்பார்கள்! கரண்ட் இல்லை, காந்தம் என்று சொல்லி எத்தனை பேர் வாயை மூட முடியும்?

"நீங்களாவது சொல்லுங்க" என்றேன் என் கணவர் திம்மராயனிடம்.

"அண்ணன் பொண்ணு வாழ்க்கைடி. ஒரு நாளுதானே."

"ஒரு நாளு இல்ல, எனக்கு மொத்தமும் போயிடும். காலு வராதது எனக்கு. வெக்கம் மட்டும் உங்களுக்கா?"

வாசலில் கார்கள் வந்து நின்றன. கங்கப்பன் என் அறைக் கதவை இழுத்துச் சாத்தினார். மாப்பிள்ளையின் அம்மா கேட்பது காதில் விழுந்தது.

"வூட்ல வேற யாரும் இல்லீங்களா?"

"தம்பி சம்சாரம் தாய் வூட்டுக்குப் போயிருக்குதுங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கதவைத் திறந்தேன்.

"தாய் வூட்டுக்குப் போகலீங்க, ஆஸ்பத்திரிக்குப் போறேன். பைத்தியம் இல்ல. காலு வரல, அவ்ளோதான்."

காலை இழுத்து இழுத்துக் கூடத்தைக் கடந்தேன். வாசலில் வந்தவர்களின் செருப்புகள் குவிந்து கிடந்தன. என்னுடையதைக் கண்டுபிடித்துக் காலை விட்டேன். விரல்கள் வாருக்குள் போக மறுத்தன. மறுபடி விட்டேன். நிலையைப் பிடித்துக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் பதினைந்து பேர் பார்க்கிறார்கள். ஒன்பது மணி பஸ் போய்விடும். சனியன் பிடித்த கால்!

பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. பட்டுச் சேலையோடு நாகவேணி என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், உள்ள வாடி!" என்று கங்கப்பன் கத்தினார்.

அவள் திரும்பவில்லை. "என் தோளப் புடிச்சுக்க, சித்தி" என்றாள். என் பாதத்தை மடிமேல் தூக்கி வைத்து, விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக வாருக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள்.