ஆணியடித்த பெட்டி

இப்போதெல்லாம் துஷ்டி வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் துக்கம் விசாரிக்கத் தெரிவதில்லை. வேடிக்கை பார்க்கத்தான் தெரிகிறது. ஒருவன் பெட்டியைத் தடவுகிறான். தேக்கா என்கிறான் இன்னொருவன். சிவனணைந்தபெருமாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏலே, சந்தையில மாடு பாக்க வந்தியா? தள்ளி நில்லுலே."

பெங்களூரிலிருந்து ரயிலில் வந்த பெட்டி. ஆணியடித்து அரக்கு வைத்திருந்தது. உள்ளே அவர் மகன் குற்றாலிங்கம் இருப்பதாகக் கூட வந்த பட்டாளத்து ஆள் சொன்னான். விமானம் விழுந்து எரிந்துவிட்டதாம். பெட்டியைத் திறக்க உத்தரவில்லையாம்.

யுத்தத்தில் அடிபட்ட விமானங்களைச் செப்பனிட்டதும் முதலில் மேலே கொண்டுபோய்ப் பார்ப்பது குற்றாலிங்கத்தின் வேலை. வெள்ளைக்காரர்களே பார்த்துவந்த அந்த வேலைக்கு நம் ஆட்களில் முதலில் எடுத்தது அவனைத்தான் என்று தென்காசியே பெருமை பேசியது. போன சாரலுக்கு லீவில் வந்தவன், குற்றாலத்தில் குளித்துத் தலை துவட்டிக்கொண்டே சொன்னான்.

"புதுக் காளைய ஏர்ல பூட்டிப் பாக்க மாதிரிதான்ப்பா."

"காளை முரண்டு பிடிச்சா நுகத்தக் கழத்திருவேன். நீ அங்கன எதக் கழத்துவ?"

"குதிச்சிருவேன். முதுகுல குடை கட்டியிருக்கும். ரெண்டு மட்டம் குதிச்சாச்சு. அம்மாட்ட சொல்லிராதிய."

பெட்டியைத் தூக்கும்போது பெருமாளின் மனைவி பார்வதியம்மாள் வாய்க்கரிசியைத் துணியில் முடிந்து அவர் கையில் வைத்தாள்.

"பெட்டி மேல போட்டுராதிய. அங்கன போயாவது திறக்கச் சொல்லுங்க. பிள்ள உதட்டுல படணும்."

சிற்றாற்றங்கரைச் சரிவில் பெட்டி முன்பக்கம் சாய்ந்தது. தோள் கொடுத்திருந்த பெருமாளின் காதோரம், உள்ளே என்னவோ சரசரவென்று ஓடி வந்து நின்றது. நெல்லும் மணலும் சுமந்து காய்த்த தோள் அது.

"நில்லுங்கலே. இது மணலு."

"சும்மா வாங்கண்ணே" என்றார் தம்பி பரமசிவன்.

சுடுகாட்டில் பெட்டியை இறக்கியதும் பெருமாள் பட்டாளத்து ஆளிடம் போய் நின்றார்.

"உள்ள எம்மவன் இருக்கானாய்யா?"

"மேலிடத்து உத்தரவு, பெரியவரே."

"உத்தரவக் கேக்கல. மவனக் கேக்கேன்."

அவன் ஆற்றைப் பார்த்தான்.

"சாரல் வலுக்குது, விறகு நனையுதுண்ணே" என்றார் பரமசிவன். "பெட்டி மேல அரிசியப் போடுங்க. எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். உதடு எங்கன இருக்குன்னு காட்டுலே, போடுதேன்."

பரமசிவன் கொள்ளியை எடுத்து நீட்டினார்.

"அப்பன் நீங்க கொள்ளி வைக்காம..."

"நீ வையி. மணல எரிக்கதுக்கு அப்பன் எதுக்கு?"

அரிசி முடிச்சை மடியில் செருகிக்கொண்டு நடந்தார். பின்னால் ஈரவிறகு புகைந்தது. குற்றாலத்து மலையை மேகம் மூடிக் கிடந்தது. நின்று கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு வீட்டுப் பாதையை விட்டு, பெங்களூர் வண்டி பிடிக்க ரயிலடிப் பக்கம் திரும்பினார். மடியிலிருந்த அரிசி சாரலில் நனையாதபடி கையால் பொத்தியிருந்தார்.